சம்பளம் கூடுனா மளிகை லிஸ்ட்ல எது கூடுது, எது நின்னுடுது: ஒரு நிகழ்வு ஆய்வு

சாப்பாட்டு டிமாண்ட் கூடுது, குறையுது, விலை ஏறுது, ஜனங்க கஷ்டப்படறாங்கன்னு நியூஸ்ல வரும்போதெல்லாம் அதுக்குப் பின்னாடி ஒரு 'சராசரி குடும்பம்' இருக்கும். நாலு பேரு, மாசத்துக்கு இவ்ளோ அரிசி, இவ்ளோ பருப்பு, இவ்ளோ எண்ணெய். கணக்குப் போட வசதியாத்தான் இருக்கு, ஆனா அதை நம்பி ஒரு பாலிசி போட்டா அது யாரு தட்டுலயும் சரியா விழாது, ஏன்னா வருமானம் மாற மாற சாப்பாட்டுச் செலவு ஒரே மாதிரி மாறல, அரிசிக்கு ஒரு வேகம், பாலுக்கு ஒரு வேகம், பாக்கெட் ஸ்நாக்ஸுக்கு வேற ஒரு வேகம். இந்த ஆய்வுல இந்தியாவோட வீட்டுச் செலவு சர்வேயத்தான் முக்கியமா எடுத்துக்கறேன், கூடவே மகாராஷ்டிரா கிராமங்கள்ல ஒரு பழைய டேட்டா, சீனாவுல ஹூனான் மாகாணத்துல நடந்த ஒரு அரிசி சோதனை, இந்த ரெண்டும் வரும்.

முதல்ல ரெண்டு நம்பர். தேசிய மாதிரி ஆய்வு அலுவலகம் 2022 ஆகஸ்ட்லேர்ந்து 2023 ஜூலை வரைக்கும் 2,61,746 வீடுங்கள்ல போய் செலவுக் கணக்கு கேட்டாங்க. அதுல கிராமத்துல ரொம்ப அடியில இருக்கற 5 சதவீத ஜனங்க ஒரு ஆளுக்கு மாசம் செலவு பண்றது சராசரியா 1,373 ரூபா. நகரத்துல உச்சியில இருக்கற 5 சதவீதம் பண்றது 20,824 ரூபா. முப்பது நாளா வகுத்தா ஒரு பக்கம் நாளைக்கு 46 ரூபா, இன்னொரு பக்கம் 694 ரூபா, இது சாப்பாடு மட்டும் இல்ல, சோப்பு, பஸ், ஃபோன் ரீசார்ஜ், மருந்து, துணி எல்லாம் சேத்து. பதினஞ்சு மடங்கு வித்தியாசம். ஆனா அந்த ஆளு பதினஞ்சு மடங்கு சோறு சாப்பிட முடியாதே! அப்போ அந்த எக்ஸ்ட்ரா காசு சாப்பாட்டுக்குள்ள எங்க போகுது, எங்க போகாம நின்னுடுதுங்கறதுதான் மொத்த விஷயமும்.

ஒண்ணு சொல்லிடறேன், இந்த சர்வே வருமானத்தைக் கேக்கறது இல்ல, செலவைத்தான் கேக்குது. வருமானம் கேட்டா யாரும் சரியா சொல்ல மாட்டாங்க, கூலி வேலைக்குப் போறவங்களுக்கு மாசா மாசம் மாறும், விவசாயிக்கு ரெண்டு அறுவடைக்கு நடுவுல ஒண்ணுமே இருக்காது. செலவு ஓரளவு நிலையா இருக்கும், அதனால வசதியை அளக்க அதையே எடுத்துக்கறாங்க. நானும் கீழ 'வருமானம்'னு சொல்ற எடத்துல பெரும்பாலும் இந்தச் செலவு மட்டத்தைத்தான் சொல்றேன்.

எர்ன்ஸ்ட் எங்கல் பார்த்தது

இந்தக் கேள்விய முதல்ல ஒழுங்கா நம்பரோட கேட்டவர் எர்ன்ஸ்ட் எங்கல். மார்க்ஸோட நண்பர் ஏங்கல்ஸ் வேற, இவர் ஜெர்மனியில சாக்சனி அரசோட புள்ளிவிவர அலுவலகத்துல இருந்தவர். 1857-ல இவர் எடுத்துக்கிட்டது பெல்ஜியம் தொழிலாளர் குடும்பங்களோட வரவு செலவு, அத டூக்பெசியோங்கறவர் 1855-ல வெளியிட்டிருந்தாரு. குடும்பங்கள மூணா பிரிச்சிருந்தாங்க, உதவித்தொகையில ஓடறவங்க, யார்கிட்டயும் கை நீட்டாம ஆனா இழுத்துப் பிடிச்சு ஓட்டறவங்க, கொஞ்சம் வசதியா இருக்கறவங்க. மொத்தச் செலவுல சாப்பாட்டோட பங்கு முதல் கூட்டத்துல சுமார் 71 சதவீதம், ரெண்டாவதுல 67, மூணாவதுல 62. வசதி ஏற ஏற சாப்பாட்டோட பங்கு எறங்குது. எறங்குறது பங்குதான், தொகை இல்ல, தொகை ஏறிக்கிட்டேதான் போகுது. இத நெறைய பேரு மாத்திப் புரிஞ்சுக்கறாங்க, "பணக்காரங்க சாப்பாட்டுக்கு கம்மியா செலவு பண்றாங்க"ன்னு எழுதறாங்க, அது தப்பு.

நூத்தி அறுபது வருஷம் கழிச்சு இந்தியாவுலயும் அதே கதைதான். கிராமத்துல சாப்பாட்டோட பங்கு 1999-2000-ல 59.4 சதவீதம், 2011-12-ல 52.9, 2022-23-ல 46.38. நகரத்துல அதே மூணு வருஷத்துக்கு 48.06, 42.62, 39.17. ஒரு நாட்டுக்குள்ள ஏழைக்கும் பணக்காரனுக்கும் நடுவுல இருக்கற சரிவு மாதிரியே வருஷங்களுக்கு நடுவுலயும் சரியுது. ஆனா இந்த மொத்தப் பங்கு ஒரு மூடி மாதிரிதான், தொறந்து உள்ள என்னென்ன இருக்குன்னு பார்க்கணும்.

தொறந்து பார்த்தா

2022-23-ல கிராமத்துல ஒரு ஆளோட சராசரி மாசச் செலவு 3,773 ரூபா, நகரத்துல 6,459. அதாவது நகரத்துல 71 சதவீதம் கூட. இப்போ ஒவ்வொரு ஐட்டத்தோட சதவீதத்தையும் ரூபாயா மாத்திப் பார்த்தேன் (பங்கு சர்வேயோடது, பெருக்கல் என்னோடது).

மொத்த சாப்பாடு கிராமத்துல 1,750 ரூபா, நகரத்துல 2,530, ஏத்தம் கிட்டத்தட்ட 45 சதவீதம். செலவு 71 ஏறினா சாப்பாடு 45 தான் ஏறுது, எங்கல் சொன்னது அப்படியே நிக்குது. அரிசி கோதுமை மாதிரி தானியத்துக்கு கிராமத்துல 185 ரூபா, நகரத்துல 235, வெறும் 27 சதவீத ஏத்தம். காய்கறி 203, 245, அதுவும் 21 சதவீதத்துல நின்னுடுது. பாலு 314-லேர்ந்து 466, 48 சதவீதம். பழம் 140-லேர்ந்து 246, 76 சதவீதம், இங்கதான் முதல் தடவையா மொத்தச் செலவோட வேகத்தைத் தாண்டுது. அப்புறம் டீ காபி, கூல்ட்ரிங்க்ஸ், பிஸ்கட், சிப்ஸ், வெளியில வாங்கற சாப்பாடு எல்லாம் சேந்த கூட்டம், கிராமத்துல 363, நகரத்துல 687, கிட்டத்தட்ட 90 சதவீதம். இந்தக் கடைசி ஐட்டத்துக்கு மட்டும் நகரத்துல ஒரு ஆளு தானியத்துக்குப் பண்றதப் போல கிட்டத்தட்ட மூணு மடங்கு செலவு பண்றாரு.

இதுல என்னை நிறுத்தி யோசிக்க வச்சது முட்டை, மீன், கறி. கிராமத்துல 185, நகரத்துல 231, 25 சதவீதம்தான். வசதி வந்தா அசைவம் கூடும்னு எல்லா பாடப்புத்தகமும் சொல்லுது, இங்க ஏன் இவ்ளோ மெதுவா? ரெண்டு காரணம் தோணுது. ஒண்ணு, கிராமம் நகரம்னு பிரிக்கும்போது வருமானம் மட்டும் மாறல, எந்த மாநிலத்து ஜனங்க, எந்தப் பழக்கம், எவ்ளோ பேரு சைவம்னு எல்லாமே மாறுது. ரெண்டாவது, நகரத்துல ஒருத்தர் ஞாயித்துக்கெழமை ஹோட்டல்ல பிரியாணி வாங்கிச் சாப்பிட்டா அது கறிக் கணக்குல வராது, வெளிச் சாப்பாட்டுக் கணக்குல போயிடும். அதனால இந்த கிராம-நகர வித்தியாசத்த அப்படியே வருமானத்தோட வித்தியாசம்னு எடுத்துக்கக் கூடாது, தோராயமா ஒரு திசை காட்டும், அவ்ளோதான். நகரத்துல விலைவாசியும் வேற.

வெளிச் சாப்பாட்டையும் 'வசதியானவங்க ஐட்டம்'னு முடிவு கட்டிடக் கூடாது. கட்டட வேலைக்கு வந்து எட்டு பேரா ஒரு ரூம்ல தங்கி, அடுப்பு வைக்க எடமில்லாம, காலையில டீக்கடையில ரெண்டு பன்னும் மத்தியானம் கையேந்தி பவன்ல சாப்பாடும் வாங்கற ஆளுக்கும் செலவு இதே கூட்டத்துலதான் விழும். ஐடி கம்பெனியில வேலை பார்த்துட்டு ராத்திரி ஆப்ல ஆர்டர் பண்றவருக்கும் இதே கூட்டம்தான். ஒருத்தருக்கு அது சமைக்க வழியில்லாததால, இன்னொருத்தருக்கு சமைக்க மனசில்லாததால. ஒரே தலைப்புக்குள்ள ரெண்டு டிமாண்ட் இருக்கு, விலை ஏறினா ரெண்டும் வேற வேற மாதிரி நடந்துக்கும்.

தானியம் ஏன் நின்னுடுது

மேல ரூபாயில பார்த்தோம், கிலோவுல பார்த்தா இன்னும் தெளிவா இருக்கு. ஒரு ஆளு மாசத்துக்கு சாப்பிடற தானியம் 1993-94-ல கிராமத்துல 13.4 கிலோ, நகரத்துல 10.6. 2011-12-ல 11.2, 9.3. 2022-23-ல 9.6, 8.05. ரெண்டு சரிவு இதுல இருக்கு. முப்பது வருஷத்துல ரெண்டு பக்கமும் எறங்கிடுச்சு, அது ஒண்ணு. எந்த வருஷத்த எடுத்தாலும் வசதி கூடுன நகரத்துல தானியம் கம்மி, அது ரெண்டாவது. நகரத்துக்காரர் கம்மியா தின்னு அதிகமா காசு குடுக்கறாரு (கிராமத்துல ரேஷன் தானியம் கூட போறதும் இதுல ஒரு காரணம், இலவசமா வாங்கினது கிலோ கணக்குல வரும், மேல நான் சொன்ன ரூபா கணக்குல வராது).

ஒரு தெருவுக்குள்ள இது எப்படித் தெரியும்னா நம்ம ஊரு அரிசிக் கடையில போய் நின்னா போதும். மூட்டை மூட்டையா அடுக்கியிருப்பாங்க, முன்னாடி ஒரு அட்டையில விலை சொருகியிருக்கும். இட்லி அரிசி, பழைய பொன்னி, புதுப் பொன்னி, கர்நாடகா பொன்னி, பாஸ்மதி, இப்போ சீரக சம்பா, மாப்பிள்ளை சம்பா, கருப்பு கவுனி. கீழ் விலைக்கும் மேல் விலைக்கும் நடுவுல மூணு நாலு மடங்கு இருக்கும். எல்லாமே அரிசி, எல்லாத்துலயும் கலோரி கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஒரு குடும்பத்துக்கு வருமானம் கூடும்போது அவங்க இந்த அட்டை வரிசையில ஒரு மூட்டை தள்ளி நகருவாங்க, ரேஷன் அரிசிய இட்லி மாவுக்குன்னு ஒதுக்கிட்டு சாப்பாட்டுக்கு கடை அரிசி வாங்குவாங்க, இன்னும் கூடுனா ரேஷன் அரிசி வாங்கறதையே விட்டுட்டு வேலைக்கு வர்ற அக்காவுக்கு குடுப்பாங்க. மொத்த கிலோ அப்படியே இருக்கும் இல்ல கொறையும், பில்லு மட்டும் ஏறும்.

இத சரியா அளந்து காட்டின வேலைன்னா அங்கஸ் டீட்டனும் ஷங்கர் சுப்ரமணியனும் 1996-ல வெளியிட்டதச் சொல்லணும். டீட்டனுக்கு பின்னாடி 2015-ல பொருளாதார நோபல் கிடைச்சுது. அவங்க எடுத்தது 1983-ல மகாராஷ்டிரா கிராமங்கள்ல 5,630 வீடுங்களோட சர்வே டேட்டா. அங்க ஏழை வீட்ல கலோரிக்கு அடிப்படை சோளம், சோள பாக்ரி, அதாவது சோள ரொட்டி. காசுக்கு கலோரி கணக்குப் பார்த்தா சோளத்த அடிச்சுக்க ஒண்ணும் இல்ல. வசதி ஏற ஏற அரிசி, கோதுமை, சர்க்கரை, எண்ணெய், பாலு, கறின்னு நகருது, எல்லாமே ஒரு கலோரிக்கு சோளத்த விட விலை கூட. அவங்க கண்டுபிடிச்சது என்னன்னா மொத்தச் செலவு 10 சதவீதம் ஏறினா சாப்பாட்டுச் செலவு சுமார் 7.5 சதவீதம் ஏறுது, ஆனா கலோரி 3-லேர்ந்து 5 சதவீதம்தான் ஏறுது. மீதி எங்க போச்சு? அதே கலோரிக்கு கூட விலை குடுக்கறதுல போச்சு. தோராயமா பாதி வயித்துக்கு, பாதி ருசிக்கு.

இந்த 'பாதி பாதி'ங்கறது ரெண்டு பக்க வாதத்துக்கும் பதில். ஒரு கட்சி சொல்லுது, ஏழைங்க கையில காசு குடுத்தா அப்படியே சத்தா மாறிடும்னு. இன்னொரு கட்சி சொல்லுது, ஒண்ணும் மாறாது, காசு வந்தா ருசிக்குத்தான் போகும், கலோரி ஏறவே ஏறாதுன்னு. டேட்டா ரெண்டுக்கும் நடுவுல நிக்குது. ஏழை மனுஷன் ருசி தேடறத ஊதாரித்தனம்னு பேசறவங்க மேல எனக்கு கோவம்தான் வருது, மூணு வேளையும் சோள பாக்ரியும் மிளகாய்த் துவையலும் சாப்பிட்டு வளர்ந்தவங்க கையில நாலு காசு பொரண்டா முதல்ல கொஞ்சம் எண்ணெய் கூட விட்டு தாளிப்பாங்க, புள்ளைக்கு பாலு வாங்குவாங்க. அது கலோரி கணக்குல பெருசா தெரியாது, அந்த வீட்டுக்கு அதுதான் முன்னேற்றம்.

அந்த ஆய்வுல இன்னொரு விஷயம், அந்த எடத்துல ஒரு நாள் உழைக்கத் தேவையான கலோரிய வாங்க ஒரு நாள் கூலியில 5 சதவீதம் கூட ஆகாதாம். அப்போ கலோரி வாங்க காசில்லாம வலுவில்லாம வருமானம் கொறையுதுன்னு சொல்ற வாதம் அங்க நிக்காது. இது மலிவான தானியத்துல கலோரி வாங்கற கணக்குதான், கலோரி வேற, புரதம், இரும்புச்சத்து, வைட்டமின் வேற.

அப்புறம் ஒரு புதிர். வருமானம் ஏறினா கலோரி ஏறும்னா நாடே முன்னேறும்போது கலோரியும் ஏறியிருக்கணும் இல்லியா? 2009-ல டீட்டனும் இன்னொரு பொருளாதார நிபுணர் ஜான் ட்ரேஸும் கணக்கெடுத்துக் காட்டினாங்க, கிராமத்து இந்தியாவுல ஒரு ஆளோட சராசரி கலோரி 1983-ல நாளைக்கு 2,240, 2004-05-ல 2,047. இறங்கியிருக்கு. ஒரே வருஷத்துக்குள்ள பார்த்தா பணக்காரங்க ஏழைங்கள விட அதிகம் சாப்பிடறாங்க, ஆனா வருஷம் போகப் போக எல்லா மட்டத்துலயும் கோடு கீழ எறங்குது. உடம்பு உழைப்பு கொறைஞ்சது, தண்ணி தூக்க ரொம்ப தூரம் நடக்கறது கொறைஞ்சது, வயித்துப்போக்கு மாதிரி நோய் கொறைஞ்சதுன்னு அவங்க காரணம் சொன்னாங்க. உத்சா பட்நாயக் மாதிரி பொருளாதார நிபுணருங்க ஒத்துக்கல, இது வறுமையோட அடையாளம்தான்னு எழுதினாங்க. எனக்கு என்ன படுதுன்னா உழைப்பு கொறைஞ்சதும் உண்மை, மத்த செலவு, பள்ளிக்கூடம், மருந்து, பஸ்ஸு, சாப்பாட்டுத் தட்டுலேர்ந்து காச இழுத்ததும் உண்மை, எந்த மட்டத்துல எது அதிகம்னு பிரிச்சுப் பார்க்காம ஒரே பதில் சொல்ல முடியாது.

அரிசி மலிவானதும் அரிசிய கொறைச்ச வீடுங்க

விலை எறங்கினா வாங்கறது கூடும், இது டிமாண்டோட முதல் பாடம். இதுக்கு நேர் எதிரா ஒண்ணு நடக்கலாம்னு ராபர்ட் கிஃபன் சொன்னதா பிரிட்டிஷ் பொருளாதார நிபுணர் ஆல்ஃப்ரட் மார்ஷல் பத்தொன்பதாம் நூற்றாண்டோட கடைசியில எழுதி வச்சாரு. ரொட்டி விலை ஏறினா ஏழைத் தொழிலாளி கறிய வெட்டிட்டு இன்னும் அதிகமா ரொட்டிதான் வாங்குவான்னு. நூறு வருஷத்துக்கும் மேல இதுக்கு உறுதியான ஆதாரம் யாரும் காட்டல, அயர்லாந்து உருளைக்கெழங்குப் பஞ்சத்த பாடப்புத்தகத்துல உதாரணமா போடுவாங்க, அதுவும் நிக்கல.

இதச் சோதிக்க ராபர்ட் ஜென்சன், நோலன் மில்லர்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளருங்க 2006-ல சீனாவுக்குப் போனாங்க. ஹூனான்ல அரிசி, கான்சூல கோதுமை, ரெண்டு மாகாணமும் சேத்து சுமார் 1,300 ஏழைக் குடும்பம், நகரத்துல இருக்கறவங்க. குலுக்கல் முறையில பிரிச்சு சில வீட்டுக்கு அச்சடிச்ச கூப்பன் குடுத்தாங்க, அரை கிலோவுக்கு 0.1, 0.2, 0.3 யுவான் தள்ளுபடி, அஞ்சு மாசத்துக்கு. மத்த வீட்டுக்கு ஒண்ணும் இல்ல. முன்னாடி, நடுவுல, முடிஞ்சப்புறம்னு சாப்பாட்டுக் கணக்கு எடுத்தாங்க. ஹூனான்ல ரிசல்ட் என்னன்னா தள்ளுபடி கிடைச்ச வீடுங்க அரிசிய கொறைச்சுடுச்சு. தள்ளுபடி நின்னதும் திரும்ப ஏத்துச்சு. விலை 1 சதவீதம் மாறினா அதே திசையில அரிசியும் சுமார் 0.2 சதவீதம் மாறுது. மார்ஷல் எழுதினது கடைசியில ஹூனான் அரிசிப் பானையில கெடைச்சுது. கான்சூ கோதுமையில இவ்ளோ தெளிவா வரல.

ஏன் இப்படின்னு ஒரு வீட்ட நெனைச்சுப் பாருங்க. மாசச் சாப்பாட்டுக் காசுல பெரும்பங்கு அரிசிக்கே போகுது, மீதியில கொஞ்சூண்டு கறி, மீன். அரிசி மலிவானா கையில காசு மிச்சம். வயிறு நெறையற அளவு கலோரி ஏற்கனவே இருக்கு, அதனால மிச்சக் காச இன்னும் அரிசியில போட மாட்டாங்க, கறி கொஞ்சம் கூட்டுவாங்க, கறியில வர்ற கலோரிக்கு ஈடா அரிசி கொறையும். அரிசி விலை ஏறினா தலைகீழா நடக்கும், கறிய வெட்டித்தான் ஆகணும், அந்தப் பள்ளத்த நெரப்ப மலிவான ஐட்டம் இன்னும் அரிசிதான். இதுல முக்கியமான விஷயம் இது எல்லா ஏழைக்கும் நடக்கல. ரொம்ப ரொம்ப ஏழை, கிட்டத்தட்ட முழு கலோரியும் அரிசியிலதான்னு இருக்கறவங்களுக்கு நடக்கல, அவங்ககிட்ட வெட்டறதுக்கு கறியே இல்ல, அரிசி விலை ஏறினா அரிசியத்தான் வெட்டணும். ஓரளவு வசதியானவங்களுக்கும் நடக்கல. நடுவுல ஒரு குறுகிய பட்டைக்குத்தான். ஒரே ஊரு, ஒரே அரிசி, ஒரே விலை மாத்தம், மூணு வருமான மட்டம், மூணு விதமான நடத்தை. சராசரி எடுத்திருந்தா ஒண்ணும் தெரிஞ்சிருக்காது.

நம்ம பக்கத்து விலை ஏத்தமும் ரேஷனும்

2023 ஜூலையில தக்காளி கிலோ நூறு ரூபாயத் தாண்டுச்சே, தமிழ்நாட்டுல ரேஷன் கடையிலயே 60 ரூபாய்க்கு வித்தாங்க, ஞாபகம் இருக்கும். வசதியான வீட்ல அதே ரெண்டு கிலோ வாங்கினாங்க, வாங்கும்போது ரெண்டு நிமிஷம் பேசினாங்க, அவ்ளோதான். நடுத்தர வீட்ல ரெண்டு கிலோ அரை கிலோ ஆச்சு, தக்காளித் தொக்கு, தக்காளிச் சட்னி நின்னுச்சு. தினக்கூலி வீட்ல தக்காளியே மறைஞ்சு புளி வந்துச்சு, புளிக்குழம்பும் மிளகு ரசமும் ஓடுச்சு. மளிகைக் கடையில நின்னு பார்த்தா இது இன்னும் பளிச்னு தெரியும், ஒண்ணாம் தேதி ஆனா லிஸ்ட்ட குடுத்துட்டு "அண்ணாச்சி, வீட்டுக்கு அனுப்பிடுங்க"ன்னு போற அம்மாவும் இருக்காங்க, சாயங்காலம் கூலி வாங்கிட்டு வந்து "அண்ணாச்சி, இருவது ரூபாய்க்கு எண்ணெய், பத்து ரூபாய்க்கு பருப்பு"ன்னு கேக்கற அக்காவும் இருக்காங்க. விலை ஏறினா அந்த அம்மா பில்லு ஏறும். அந்த அக்கா கேக்கறது அதே இருவது ரூபாதான், பாக்கெட்டுக்குள்ள எண்ணெய்தான் கொறையும். கூடவே சில்லறையா வாங்கறதால அதே எண்ணெய்க்கு கிலோ கணக்குல அந்த அக்கா கூட விலை குடுக்கறாங்க. மொத்தமா வாங்க காசு இல்லாததுக்கு தண்டம் மாதிரி அது.

விலைவாசி எவ்ளோ ஏறுச்சுன்னு சொல்ற நுகர்வோர் விலைக் குறியீட்டுல, 2012-ஐ அடிப்படையா வச்ச வரிசையில, உணவு பானங்களுக்கு குடுத்த எடை, அதாவது நூத்துல அதோட பங்கு, மொத்தமா 45.86, கிராமத்துக்கு 54.18, நகரத்துக்கு 36.29. கிராமம் நகரம்னாவது பிரிச்சாங்க. ஆனா நகரத்துக்குள்ளயே 2,001 ரூபா மட்டத்துல இருக்கற கடைசி 5 சதவீதத்துக்கும் 20,824 மட்டத்துக்கும் ஒரே 36.29. சாப்பாட்டு விலை 10 சதவீதம் ஏறி மத்ததெல்லாம் அப்படியே இருக்குன்னு வைங்க, செலவுல 60 சதவீதம் சாப்பாட்டுக்குப் போற வீட்டுக்கு அது 6 சதவீத விலைவாசி, 25 சதவீதம் போற வீட்டுக்கு 2.5 (இந்த 60, 25 நான் கணக்குக்கு வச்சது). டிவியில சொல்ற நம்பர் ரெண்டு பேருக்குமே பொருந்தாது. செலவு மட்டம் வாரியா தனித்தனி குறியீடு போடறது ஒண்ணும் கம்ப சூத்திரம் இல்ல, சர்வே டேட்டா கையிலயே இருக்கு, போடணும்.

ரேஷன் அரிசிக்கு வருவோம். தமிழ்நாட்டுல 2011 ஜூன்லேர்ந்து அரிசி கார்டுக்கு அரிசி இலவசம், சாதாரண கார்டுக்கு அப்போ 20 கிலோ வரைக்கும். மாசம் 30 கிலோ பொங்கற வீட்டுக்கு 20 கிலோ இலவசமா வந்தா அவங்க 50 கிலோ சாப்பிட மாட்டாங்க, கடையில 10 கிலோ வாங்குவாங்க, வாங்காம விட்ட 20 கிலோவோட காசு கையில நிக்கும். அதாவது இலவச அரிசி அந்த வீட்டுக்கு அரிசியா வேலை செய்யல, வருமானமா வேலை செய்யுது. அது பாலா மாறலாம், முட்டையா மாறலாம், ஸ்கூல் ஃபீஸாவும் மாறலாம், டாஸ்மாக்குக்கும் போகலாம். "இலவச அரிசி குடுத்து சோம்பேறி ஆக்கிட்டாங்க"ன்னு பேசறவங்க இந்தக் கணக்க பார்க்கறதே இல்ல. அதே சமயம், அரிசி குடுத்தாச்சு, சத்துப் பிரச்சனை முடிஞ்சுதுன்னு நெனைக்கறதும் தப்பு, ஏன்னா வருமானம் கூடுனா வேகமா ஏறற ஐட்டம், அதாவது ஏழை வீட்ல ஆசைப்பட்டும் வாங்க முடியாம இருக்கற ஐட்டம், அரிசி இல்ல.

ஐசிஎம்ஆர்னு சொல்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலோட தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2,000 கலோரி சாப்பாட்டுக்கு நாளைக்கு தானியம் 250 கிராம், பருப்பு பயறு 85 கிராம்னு சொல்லுது. மாசத்துக்கு தானியம் 7.5 கிலோ, பருப்பு ரெண்டரை கிலோ. கிராமத்துல ஒரு ஆளு தானியம் சாப்பிடறது 9.6 கிலோன்னு மேல பார்த்தோம், தேவைக்கு மேலயே இருக்கு. பருப்பு 2011-12 சர்வேல கிராமத்துல ஒரு ஆளுக்கு மாசம் சுமார் 780 கிராம், நகரத்துல சுமார் 900. மூணுல ஒரு பங்குக்குப் பக்கத்துல நிக்குது. வசதி கூடுனா பருப்பும் கூடுது, அந்த ஏத்தமே ஏழை வீட்ல பருப்புக்கு டிமாண்ட் அமுங்கிக் கெடக்குதுன்னு சொல்லுது.

தமிழ்நாட்டுல 2007-லேர்ந்து சிறப்பு பொது விநியோகத் திட்டம்னு ஒண்ணு ஓடுது, துவரம் பருப்பு கிலோ 30 ரூபா, பாமாயில் லிட்டர் 25 ரூபா, கார்டுக்கு ஒரு கிலோ, ஒரு லிட்டர். வருமானம் பார்த்து ஒதுக்காம அரிசி கார்டு வச்சிருக்கற எல்லாருக்கும். பல மாநிலம் இன்னும் தானியத்தத் தாண்டி யோசிக்காதப்போ இது உண்மையிலேயே நல்ல திட்டம். ஆனா கார்டுக்கு ஒரு கிலோங்கறது அஞ்சு பேரு இருக்கற வீட்ல ஆளுக்கு மாசம் 200 கிராம், ரெண்டரை கிலோ தேவைக்கு 200 கிராம், சில மாசம் அதுவும் ஸ்டாக் வரலன்னு திருப்பி அனுப்பிடறாங்க. வாங்காம விடற கார்டுங்களோட அரிசிக்கு மிச்சமாகற காச எடுத்து, ஆளு எண்ணிக்கைக்கு ஏத்த மாதிரி பருப்ப ரெண்டு கிலோ ஆக்கறதத்தான் முதல்ல செய்யணும்னு நான் சொல்வேன், முட்டைய ரேஷன்ல கொண்டு வர்றத பத்தி அதுக்கப்புறம் பேசலாம்.